வின்சென்ட் கொம்பனியை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்? ரசிகர் பற்று உருவாகும் விதம்

கால்பந்துப் பேச்சில் ‘லெஜண்ட்’ என்ற சொல் மலிந்துவிட்டது. மூன்று சீசன் நன்றாக ஆடியவரும் லெஜண்ட், ஒரே ஓர் இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவரும் லெஜண்ட். மான்செஸ்டர் சிட்டியின் முன்னாள் கேப்டன், பெல்ஜியத்துக்காரர் வின்சென்ட் கொம்பனியைப் பற்றிப் பேச்சு வரும்போது இந்தக் குழப்பம் நன்றாகத் தெரியும். 2019இல் லெஸ்டர் அணிக்கு எதிராக அடித்த கோல்தான் காரணம் என்பார் ஒருவர். வாங்கிய கோப்பைகள் என்பார் இன்னொருவர். பணக்கார கிளப்பில் இருந்ததால் கிடைத்த பெயர் என்று ஒதுக்குபவர்களும் உண்டு.

இவற்றில் எதுவும் முழுக் காரணம் ஆகாது. அதைவிட அழகான கோல்களை அடித்தவர்கள் அந்த கிளப்பில் இருந்தார்கள். அவரைவிட அதிகக் கோப்பைகளோடு போனவர்களும் இருக்கிறார்கள். ஆட்டத்தை நிறுத்தி, மேனேஜராகி, வேறு வேறு நாடுகளில் வேலை பார்க்கும் ஒருவரின் பெயரை மான்செஸ்டரில் இன்னும் பாடுகிறார்கள் என்றால் அதற்கு நிதானமான ஒரு வழிமுறை இருக்கிறது. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். கால்பந்து விதிகள் தெரியாதவர்களும் தொடரலாம்.

## புகழ் வேறு, பற்று வேறு

ஒரு சிற்றூர் அரசுப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்ட அளவில் பேர் பெற்ற ஆசிரியர்கள் பலர் அங்கே வந்து இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒருவர் மட்டும் கூரை ஒழுகிய காலத்தில் வந்து, கட்டடம் எழும்பும்வரை இருந்து, முதல்முறையாக எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி பெற்ற வருடத்திலும் அங்கேயே நின்றிருப்பார். அவர் மாற்றலாகிப் போகும்போது ஊரே வாசலில் திரளும். போன இடத்தில் அவர் வகுப்பின் தேர்ச்சி விகிதம் இறங்கினாலும் இந்த ஊரில் அவர் மதிப்பு குறையாது. இந்த ஊர் அவரைத் தன் சொந்த வரலாற்றின் ஒரு பகுதியாக நினைவில் வைத்திருக்கிறது.

கால்பந்திலும் இப்படித்தான். புகழ் என்பது ஆளைத் தெரிந்திருப்பது. தொலைக்காட்சியும் கோப்பையும் அதைத் தந்துவிடும். இந்தக் கட்டுரையில் ‘ரசிகர் பற்று’ என்று சொல்வது வேறு. ஒரு கிளப்பின் ரசிகர்கள் ஒருவரைத் தங்களில் ஒருவராக எண்ணி, அவர் போன பிறகும் அந்த எண்ணத்தை விடாமல் இருப்பதே அது. புகழ் உலகம் முழுக்கப் பரவும். பற்று ஓர் இடத்தைச் சேர்ந்தது. அதனால்தான் ஒரே மனிதர்மேல் மான்செஸ்டருக்கு ஒருவிதமான உணர்வும், பின்னாளில் அவர் மேனேஜராக இருந்த பர்ன்லிக்கு வேறுவிதமான உணர்வும் இருக்க முடிகிறது.

## ஆள் யார்?

1986 ஏப்ரல் 10 அன்று ப்ரஸ்ஸல்ஸின் உக்கிள் பகுதியில் பிறந்தவர். தந்தை பியர் கொம்பனி, இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து 1975இல் அகதியாக வந்தவர். பின்னாளில் பெல்ஜியத்தின் முதல் கறுப்பின மேயரானார். மகன் ஆறு வயதிலேயே ஆண்டர்லெக்ட் கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 17 வயதில் முதல் அணிக்கு வந்து, 2006இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் போய், 2008இல் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்தார். 11 சீசன், 360 ஆட்டம், 20 கோல். இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான ப்ரீமியர் லீக் பட்டம் நான்கு; அந்நாட்டின் மற்ற இரண்டு முக்கியக் கோப்பைகளில் எஃப்.ஏ. கோப்பை இரண்டு, லீக் கோப்பை நான்கு.

அவர் ஆடிய இடம் ‘சென்டர் பேக்’. சொந்த கோலுக்கு நேர் முன்னால் நின்று எதிரணியின் தாக்குதலைத் தடுப்பவர் என்று பொருள். கோல் போடுவது அவர் வேலை அல்ல. ஆனால் முழு மைதானமும் கண்முன்னே விரிந்திருப்பதால், யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஆட்டம் முழுக்கக் கத்திச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியவர்.

## எப்போது வந்தார் என்பது முக்கியம்

சிட்டி அவரை ஒப்பந்தம் செய்தது 2008 ஆகஸ்ட் 22. அபுதாபி முதலீட்டாளர்கள் கிளப்பை வாங்கப்போகும் செய்தி வெளியானது செப்டம்பர் 1. இடைவெளி பத்தே நாள். ரசிகர்கள் கணக்கில் இந்தப் பத்து நாளுக்குப் பெரிய எடை உண்டு. கொம்பனி பணம் வருவதற்கு முன் வந்தவர்.

அன்றைய சிட்டியை இன்றைய சிட்டியோடு சேர்த்து நினைத்தால் இது புரியாது. 1998இல் அந்த அணி இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக் வரை இறங்கியிருந்தது. கடைசியாக ஒரு பெரிய கோப்பை வாங்கியது 1976இல். கொம்பனியின் முதல் சீசனில் லீக்கில் பத்தாம் இடம். பக்கத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட் கோப்பைமேல் கோப்பை வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வருடங்களில் சம்பளத்துக்காக வந்தார்கள் என்று சந்தேகிக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் பலர். கொம்பனியை யாரும் அப்படிச் சொல்ல முடியவில்லை. அப்போது அவர் நட்சத்திரமும் இல்லை; பல ஆட்டங்களில் நடுக்களத்தில் நிறுத்தப்பட்ட, காயத்திலிருந்து மீண்டு வந்த 22 வயது இளைஞர். ரசிகர்கள் கண்ணெதிரே வளர்ந்தார். பெயரெடுத்த பிறகு வாங்கப்பட்டவருக்கு இந்த வளர்ச்சிக் காலம் கிடைப்பதில்லை.

## கேப்டன் பட்டை

கால்பந்தில் கேப்டன், கிரிக்கெட் கேப்டனைப் போல ஆட்டத்தின் வியூகத்தைத் தீர்மானிப்பவர் இல்லை. அது மேனேஜரின் வேலை. கையில் பட்டை கட்டிய கேப்டன் நாணயம் சுண்டிப் போடும்போது போவார், நடுவரோடு பேசுவார். அதைவிட முக்கியம், உடைமாற்றும் அறையில் மேனேஜருக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையில் நிற்பார். தோற்ற பிறகு கேமரா முன் வந்து பதில் சொல்லும் பொறுப்பும் பெரும்பாலும் அவர் தலையில்தான்.

கொம்பனிக்கு முன் கேப்டனாக இருந்தவர் அர்ஜென்டினாவின் கார்லோஸ் டெவெஸ். திறமையில் குறையே இல்லாத ஆட்டக்காரர். ஆனால் 2010 டிசம்பரில் கிளப்பை விட்டுப் போக எழுத்துபூர்வமாக விருப்பம் தெரிவித்தார். 2011இல் பட்டை கொம்பனி கைக்கு வந்தது. போக நினைத்தவர் கையிலிருந்து இருக்க நினைத்தவர் கைக்கு வந்தது என்றே ரசிகர்கள் அதைப் பார்த்தார்கள். 2019 வரை அது அவரிடமே இருந்தது.

இந்தக் காலத்தின் இன்னொரு பக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2015க்குப் பிறகு கெண்டைக்கால் தசைக் காயம் அவரைத் திரும்பத் திரும்ப வீழ்த்தியது. 2015–16, 2016–17 இரண்டு சீசன்களிலும் 38 லீக் ஆட்டங்களில் பதினைந்துகூட அவரால் ஆட முடியவில்லை. ஐரோப்பிய நாடுகள் மோதும் 2016 யூரோ போட்டியையும் காயத்தால் இழந்தார். சாதாரணமாக இந்தக் கட்டத்தில் ரசிகர்கள் பொறுமை இழப்பார்கள். இங்கே நேர்மாறாக, அவர் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் வரவேற்பு பெரிதானது. சம்பாதித்த பற்று எவ்வளவு ஆழம் என்று காட்டியவை அந்த மோசமான வருடங்கள்தான். வெற்றியின்போது எல்லோருக்கும் கைதட்டல் கிடைக்கும். அதை வைத்து எதையும் அளக்க முடியாது.

இதுவரை பார்த்தது: சிரம காலத்தில் வந்தார், கூட்டத்தின் கண்ணெதிரே வளர்ந்தார், மற்றவர் விலக நினைத்தபோது நின்றார். இந்த மூன்றும் அடித்தளம். இதன்மேல் விழும்போதுதான் ஒரு கோல் வரலாறாகிறது.

## இரண்டு கோல்கள், ஏன் இவ்வளவு பேச்சு?

முதல் கோல் 2012 ஏப்ரல் 30. ஆறு ஆட்டங்கள் மீதி இருந்தபோது சிட்டி யுனைடெட்டைவிட எட்டுப் புள்ளி பின்தங்கியிருந்தது. யுனைடெட் சறுக்கியதால் இடைவெளி மூன்றாகச் சுருங்கிய நிலையில் இரு அணிகளும் மோதின. முதல் பாதியின் கடைசி நொடிகளில் சக ஆட்டக்காரர் டேவிட் சில்வா கார்னரிலிருந்து (மைதான மூலையிலிருந்து) அனுப்பிய பந்தைக் கொம்பனி தலையால் முட்டி கோலாக்கினார். 1–0. புள்ளிகள் சமமாயின.

புள்ளி சமமானால் ‘கோல் வித்தியாசம்’ பார்ப்பார்கள்: சீசன் முழுக்க அடித்த கோல்களில் வாங்கிய கோல்களைக் கழித்த எண். சிட்டிக்கு அது கூடுதல். மே 13 அன்று க்யூ.பி.ஆர். அணிக்கு எதிராகச் சிட்டியின் அகுவேரோ கூடுதல் நேரத்தில் அடித்த கோலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சீசன் முடிவில் இரண்டு அணிகளும் 89 புள்ளி. சிட்டியின் கோல் வித்தியாசம் 64, யுனைடெட்டுடையது 56. கொம்பனியின் அந்தத் தலைமுட்டு இல்லாமல் ஆட்டம் சமனில் முடிந்திருந்தால் அகுவேரோவின் கோலால் பட்டம் வந்திருக்காது. 44 வருடங்களுக்குப் பிறகு வந்த லீக் பட்டம் அது.

இரண்டாவது கோல் 2019 மே 6. சிட்டியும் லிவர்பூலும் விடாமல் துரத்திக்கொண்டிருந்த சீசன். லெஸ்டருக்கு எதிரான சொந்த மைதான ஆட்டத்தில் 70 நிமிடமாகியும் கோல் இல்லை. சமனில் முடிந்தால் பட்டத்தைத் தீர்மானிக்கும் வாய்ப்பு லிவர்பூல் கைக்கு மாறும் நிலை. சுமார் 25 மீட்டர் தூரத்தில் பந்து கொம்பனியிடம் வந்தது. லெஸ்டர் ஆட்டக்காரர்கள் அவரை நெருங்கவே இல்லை. சென்டர் பேக் அங்கிருந்து அடித்தால் பந்து ரசிகர் மாடத்துக்குத்தான் போகும் என்பது நியாயமான கணக்கு. அடிக்காதே என்று சக ஆட்டக்காரர்களே கத்தினார்கள். அடித்தார். பந்து மேல் மூலையில் நுழைந்தது. இறுதியில் சிட்டி 98 புள்ளி, லிவர்பூல் 97.

கோலின் அழகு மட்டும் காரணம் என்றால், வேறு யார் அடித்திருந்தாலும் இதே அளவு உணர்ச்சி வந்திருக்க வேண்டும். அந்த சீசனில்தான் வந்து சேர்ந்த ஒருவர் அதே இடத்திலிருந்து அதே கோலை அடித்ததாக நினைத்துப் பாருங்கள். கைதட்டல் இருந்திருக்கும். மைதானத்தில் பெரியவர்கள் அழுதிருக்க மாட்டார்கள். காயங்களோடு பதினோரு வருடம் கடந்த கேப்டன், சொந்த மைதானத்தில் கடைசி லீக் ஆட்டத்தில், தன் வேலையே அல்லாத ஒன்றைச் செய்து பட்டத்தைக் காப்பாற்றினார் என்பதுதான் அந்தக் கோலின் கனம். அதே மாதம் 18ஆம் தேதி எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வாட்ஃபோர்டை 6–0 என வென்றார்கள். மறுநாள் காலை, விடைபெறுவதாக அறிவித்தார்.

போகும் விதமும் இந்த வழிமுறையின் ஒரு பகுதி. பெரும்பாலான பிரிவுகள் ஒப்பந்தச் சண்டையிலோ, மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார்ந்தோ முடிகின்றன. அப்போது கடைசி நினைவு கசப்பாகிவிடுகிறது.

## ஊரோடு உறவு

இங்கேதான் கொம்பனி பலரிடமிருந்து வேறுபடுகிறார்.

மான்செஸ்டர் பெண்ணை மணந்தார். அவரும் சிட்டி ரசிகர். ஆடிக்கொண்டிருக்கும்போதே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் எம்.பி.ஏ. படித்து 2017இல் முடித்தார். அவர் ஆய்வு, சொந்த மைதானத்தில் ஆடுவதன் அனுகூலத்தை ப்ரீமியர் லீக் கிளப்புகள் எப்படிக் கூடுதலாகப் பயன்படுத்தலாம் என்பதைப் பற்றியது. கூட்டத்துக்கும் அணிக்கும் உள்ள உறவைப் பாடமாகவே படித்தவர் என்று பொருள்.

அடுத்தது ‘டெஸ்டிமோனியல்’. ஒரே கிளப்பில் நீண்டகாலம், வழக்கமாகப் பத்து வருடம், ஆடியவரைக் கௌரவிக்க நடத்தும் காட்சி ஆட்டம் இது. டிக்கெட் வருமானம் அந்த ஆட்டக்காரருக்குப் போகும். சம்பளம் குறைவாக இருந்த காலத்தில் ஓய்வுக்குப் பிறகு குடும்பத்துக்கு ஆதாரமாகத் தொடங்கிய வழக்கம். இன்றைய கோடீஸ்வர ஆட்டக்காரர்கள் இதை நடத்தினால் ரசிகர்கள் முகம் சுளிப்பது இயல்பு. கொம்பனி 2018இல் மான்செஸ்டர் வட்டார மேயர் ஆண்டி பர்ன்ஹமுடன் சேர்ந்து ‘டேக்கிள் ஃபார் எம்.சி.ஆர்.’ என்ற முயற்சியைத் தொடங்கி, தன் டெஸ்டிமோனியல் வருமானத்தை, தெருவில் படுத்துறங்கும் வீடற்றவர்களுக்காக ஒதுக்கினார். 2019 செப்டம்பர் 11 அன்று ஆட்டம் நடந்தது. காயத்தால் அவரால் ஆட முடியவில்லை. ஓரத்தில் நின்று பார்த்தார். 2–2.

இது வெறும் தானம் என்றால் இவ்வளவு பேசத் தேவையில்லை. பல ஆட்டக்காரர்கள் தாராளமாகக் கொடுக்கிறார்கள். அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை அந்த ஊரின் நடுத்தெருவில் எல்லோரும் தினமும் பார்த்துக் கடந்துபோன பிரச்சினை. சிட்டி, யுனைடெட் என்று பிரிந்து நிற்கும் ஊரில் இரண்டு தரப்பும் மறுக்க முடியாத ஒன்று. யுனைடெட் ரசிகர்கள்கூட அவரை மரியாதையோடு பேசுவதற்கு இது ஒரு காரணம்.

2021 ஆகஸ்டில் சிட்டியின் சொந்த மைதானமான எத்திஹாட்டுக்கு வெளியே அவருக்கும் டேவிட் சில்வாவுக்கும் சிலை திறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 35, ஆண்டர்லெக்ட்டின் மேனேஜர்.

## பெல்ஜியத்தில் கணக்கு வேறு

பெல்ஜியத்தின் வடக்கே டச்சு பேசுகிறார்கள், தெற்கே பிரெஞ்சு. தலைநகர் ப்ரஸ்ஸல்ஸ் சட்டப்படி இருமொழி நகரம். கட்சிகள், பத்திரிகைகள், தொலைக்காட்சிகள் பெரும்பாலும் மொழிவாரியாகப் பிரிந்தவை. தேசிய அணி என்பது நாடு முழுவதும் சேர்ந்து பார்க்கும் சில விஷயங்களில் ஒன்று. அந்த அணியோ 2002 உலகக் கோப்பைக்குப் பிறகு 2014 வரை எந்தப் பெரிய போட்டிக்கும் தகுதி பெறவில்லை.

கொம்பனி ப்ரஸ்ஸல்ஸ்காரர், இரண்டு மொழியிலும் தங்கு தடையின்றிப் பேசுபவர். எந்த மொழிக்காரரின் பேட்டியிலும் அவர் அயலாராகத் தெரிவதில்லை. 2012 அக்டோபரில் ஃப்ளெமிஷ் (டச்சு பேசும் வடக்குப் பகுதியின்) தேசியவாதத் தலைவர் பார்ட் டி வேவர் ஆண்ட்வெர்ப் நகரத் தேர்தலில் வென்று, ஆண்ட்வெர்ப் எல்லோருக்கும் சொந்தம், ஆனால் இன்றிரவு முக்கியமாக எங்களுக்கு என்ற பொருளில் பேசினார். இரண்டு நாள் கழித்து ஸ்காட்லாந்தை 2–0 என பெல்ஜியம் வென்றது. ஒரு கோல் கொம்பனியுடையது. அதே வாக்கியத்தில் ஆண்ட்வெர்ப்பை எடுத்துவிட்டு பெல்ஜியத்தை வைத்து ட்விட்டரில் எழுதினார். அன்றிரவு நாடே அதைப் பகிர்ந்தது. 2014 உலகக் கோப்பையில் கேப்டனாகக் காலிறுதி, 2018இல் மூன்றாம் இடம், மொத்தம் 89 சர்வதேச ஆட்டங்கள்.

மான்செஸ்டரில் கிடைத்தது கிளப்போடு வளர்ந்ததற்கான பற்று. பெல்ஜியத்தில் கிடைத்தது பிளவுகளுக்கு நடுவில் நிற்க முடிந்ததற்கான பற்று. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ‘நல்ல தலைவர்’ என்று முடித்துவிட்டால் இரண்டுமே புரியாது.

## மேனேஜர் ஆனதும் என்ன ஆகிறது?

மேனேஜர் என்பவர் அணியைத் தேர்வு செய்து, பயிற்சி தந்து, ஆடும் முறையைத் தீர்மானிப்பவர். ஆட்டக்காரராகச் சம்பாதித்த பற்று இந்த வேலைக்கு அப்படியே மாறி வந்துவிடும் என்பதுதான் மிகப் பரவலான தவறான எண்ணம். அது கொஞ்ச நாள் பொறுமையை வாங்கித் தரும், அவ்வளவே.

2019இல் ஆண்டர்லெக்ட்டுக்கு ‘பிளேயர்-மேனேஜர்’ ஆகத் திரும்பினார். ஆடிக்கொண்டே அணியையும் நடத்துபவர். நவீன கால்பந்தில் இது ஏறக்குறைய முடியாத வேலை. களத்தில் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருப்பவரால் வியூகத்தை வெளியிலிருந்து பார்க்க முடியாது. முதல் நான்கு லீக் ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. அக்டோபரில் மேனேஜர் பொறுப்பை ஃபிராங்கி வெர்கோட்டரன் ஏற்றார். வேறு யாராக இருந்தாலும் கதை அங்கே முடிந்திருக்கும். ஆறு வயதில் உள்ளே வந்த பிள்ளை என்பதால் கிளப் காத்திருந்தது. 2020 ஆகஸ்டில் ஆடுவதை நிறுத்தி முழுநேர மேனேஜரானார். நான்காம் இடம், அடுத்த சீசன் மூன்றாம் இடம், 2022 பெல்ஜியக் கோப்பை இறுதியில் பெனால்டியில் தோல்வி.

பிறகு இங்கிலாந்தின் பர்ன்லி. இரண்டாம் நிலை லீக்கில் 2022–23இல் 101 புள்ளியோடு முதலிடம். ஏழு ஆட்டம் மீதி இருக்கும்போதே மேல் லீக்குக்குத் தகுதி. நீளமான பந்துகளுக்குப் பேர்போன அணியைக் குறுகிய பாஸ்களால் ஆட வைத்தார். அடுத்த வருடம் அதே முறையை ப்ரீமியர் லீக்கில் தொடர்ந்தபோது, பின்களத்தில் பாஸ் போடும் சின்னத் தவறுகளுக்கும் எதிரணிகள் கோலால் தண்டித்தன. 38 ஆட்டத்தில் 24 புள்ளி, 19ஆம் இடம். கடைசி மூன்று இடத்தில் முடிப்பவர்களைக் கீழ் லீக்குக்கு அனுப்பும் ‘ரெலிகேஷன்’ விதிப்படி அணி இறங்கியது. அடுத்த சில வாரங்களில் அவர் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் போய்விட்டார். பர்ன்லியில் அவர் பெயருக்கு இன்றும் கலவையான வரவேற்புதான், அது நியாயமும்கூட. அந்த ஊர் அவரோடு பகிர்ந்தது இரண்டு வருடம். ஒன்று இனிப்பு, ஒன்று கசப்பு.

எதிரணியின் மேனேஜராக நின்றதும் மான்செஸ்டரில் அவர் மதிப்பைத் தொடவில்லை. இறக்கத்துக்கு முந்தைய சீசனில், 2023 மார்ச் 18 அன்று, எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதிக்காக பர்ன்லி எத்திஹாட் வந்து 6–0 என நொறுங்கியது. சிட்டி ரசிகர்கள் எதிரணி மேனேஜரின் பெயரைப் பாடினார்கள்.

வேறொரு வழியும் இருந்தது: நேராகச் சொந்த கிளப்புக்கே மேனேஜராகப் போவது. செல்சியின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவரான ஃபிராங்க் லம்பார்ட் 2019இல் அதைச் செய்தார். 2021 ஜனவரியில் நீக்கப்பட்டார். 2023இல் தற்காலிகமாகத் திரும்பியபோதும் முடிவுகள் மோசம். அவரை ரசிகர்கள் வெறுக்கவில்லை, ஆனால் இனிய நினைவுகளின் பக்கத்தில் தோல்விகளும் உட்கார்ந்துவிட்டன. கொம்பனி தன் தவறுகளை வேறு ஊர்களில் செய்து கற்றுக்கொண்டார் என்பது, திட்டமிட்டதோ இல்லையோ, மான்செஸ்டர் நினைவைப் பாதுகாத்தது.

## வேறொருவரை எப்படி மதிப்பிடுவது?

யாரையாவது ‘லெஜண்ட்’ என்று சொல்லும்போது கோல் எண்ணிக்கையை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள். கிளப் உயர்வதற்கு முன் வந்தாரா, பின்னா? காயத்திலோ மோசமான ஆட்டத்திலோ இருந்தபோது கூட்டம் என்ன செய்தது? எப்படி விடைபெற்றார்? எதிரணியோடு திரும்பி வந்தபோது வரவேற்பு எப்படி? கடைசிக் கேள்விதான் மிக நம்பகமானது. அன்று அவரால் அந்த ரசிகர்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

பேயர்னில் கொம்பனிக்கு இந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. 2024 மே மாத இறுதியில், லீக்கிலிருந்து இறங்கிய அணியின் மேனேஜரை, பதினொரு பட்டங்களை வரிசையாக வென்று அந்த வருடம் மட்டும் இழந்த கிளப் எடுத்தபோது பலருக்கு நம்பவே முடியவில்லை. ஹாம்பர்க் நாட்களில் கற்ற ஜெர்மன் கைகொடுத்தது. முதல் சீசனிலேயே 82 புள்ளியோடு பட்டத்தை மீட்டார். இரண்டாம் இடத்து லெவர்குசனுக்கு 69. 2025 அக்டோபரில் ஒப்பந்தம் 2029 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் மியூனிக்கில் லீக் பட்டம் என்பது எதிர்பார்க்கப்படுவது. அங்கே இதுவரை அவர் பெற்றிருப்பது மரியாதை. பற்று வருமா என்பதை, அணி தோற்கத் தொடங்கும் முதல் நீண்ட குளிர்காலத்தில் அந்த ரசிகர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை வைத்தே சொல்ல முடியும்.